தொலைக்காட்சிக் கோழியைத் தேடி சிலிம் ரிவர் வரை

கடந்த ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.17 மணிக்கு, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியளவைப் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டாக உயர்த்துவது என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. பதினொரு ஆண்டுகளாகப் பதினெட்டிலேயே வாழ்ந்து வந்த குடும்பம் இது. முன்மொழிந்தவர் என் மனைவி கலைவாணி. வழிமொழிந்தவன் நான். ரிமோட் என் கையில் இருந்ததால் நிறைவேற்றியவனும் நானே.

காரணம் இதுதான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி வருகிறது. கட்டம் போட்ட சட்டை அணிந்த ஓர் இளைஞர் ஏதாவதொரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போவார். அங்கே பலகை வீட்டின் பின்புறம், விறகடுப்பின் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். ஒரு சேவல் குறுக்கே நடக்கும். அக்கா சமைப்பார், இளைஞர் சாப்பிடுவார், சாப்பிட்டுக் கண்ணை மூடுவார். அவர் கண்ணை மூடும்போது நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து உடனடி மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். இரண்டரை ஆண்டுகளாக ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. இத்தனைக்கும், அதில் பார்த்த எதையும் இதுவரை சமைத்ததில்லை.

அன்று வந்தவர் சிலிம் ரிவர் பாக்கியம் அக்கா. 'கோழிப் பெரட்டல்' என்று திரையில் எழுத்து ஓடியது. அகலமான இரும்புச் சட்டியில் மசாலா ஒட்டிப் பிடித்த கோழி, கறுஞ்சிவப்பாக, துளி ஈரமில்லாமல் பளபளத்தது. புளிப்புக்கு என்ன போட்டார் என்று அக்கா சொன்ன அதே நொடியில் இளைஞர் "ஆஹா!" என்று கத்தினார். ஒலியை இருபத்திரண்டுக்கு ஏற்றியும், மறுநாள் இணையத்தில் நான்கு முறை திரும்பப் பார்த்தும், எங்களுக்குக் கேட்டது "ஆஹா" மட்டும்தான். "நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்றார் கலைவாணி. நாங்கள் இருப்பது ஈப்போ, குனோங் ராபாட்டில். வேறு எவரும் ஒரு "ஆஹா"வுக்காகத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் போயிருப்பார்களா தெரியாது. போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை 7.50க்குக் கிளம்பினோம். சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலை ஏறி, சிலிம் ரிவரில் இறங்கினால் டோல் பன்னிரண்டு வெள்ளிக்குள் முடியும். தாப்பா தாண்டியதும் ஒரு மழை. அதில் பத்து நிமிடம் போயிற்று. 9.15க்கு ஊருக்குள் இருந்தோம். கடைவீதி முனையில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. நுரை வர ஆற்றிய தே தாரேக் தேநீர் இரண்டு, ரொட்டி சானாய் பரோட்டா மூன்று, மொத்தம் ஒன்பது வெள்ளி இருபது காசு. கல்லாவில் இருந்த பாயிடம் பாக்கியம் அக்காவின் தோட்டத்து வீடு எது என்று கேட்டேன்.

"டிவி அக்காவா? அவங்க தோட்டத்துல இல்ல லா. இங்கதான், பின்னாடி தாமான் வீட்டு வரிசையில. மூணாவது லோரோங், பச்சை கேட்டு."

"இல்ல பாய், பலகை வீடு. விறகடுப்பு, சேவலெல்லாம் இருந்துச்சே."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்த ஏப்ரலில் நான் அவருக்கு எத்தனையாவது ஆளோ தெரியவில்லை. "அதையும் பாக்கணும்னா போய்ப் பாருங்க. பதினோரு கிலோமீட்டர். ரோடு கொஞ்சம் மோசம். சேவலு அங்க இருக்கிற மலாய்க்காரர் வீட்டுது. வாடகைக்குப் பிடிச்சாங்க."

நிகழ்ச்சியின் உண்மையான ரசிகர்கள் என்ற முறையில் முதலில் பலகை வீட்டுக்கே போனோம். பதினோரு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, இருபுறமும் செம்பனை. திரையில் பார்த்த வீடு திரையில் பார்த்த இடத்திலேயே இருந்தது. முன்கதவில் பூட்டு. சன்னல் வழியாகப் பார்த்தால் உர மூட்டைகள், கூரை வரை. பின்னால் விறகடுப்பு இருந்த இடத்தில் மூன்று செங்கல். கலைவாணி அந்த மூன்று செங்கலையும் படம் எடுத்தார். ஏமாற்றமாக இருந்ததா என்று பின்னர் நண்பர்கள் கேட்டார்கள். இல்லை. செங்கல் அதே செங்கல்தான்.

10.55க்குப் பச்சை கேட்டின் முன் நின்றோம். பாக்கியம் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. திரையில் பார்த்ததைவிட உயரம், திரையில் பேசியதைவிட மூன்று மடங்கு பேச்சு. நாங்கள் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் "உள்ள வாங்க தம்பி, செருப்போட வராதீங்க, இப்பதான் துடைச்சேன்" என்று சமையலறைக்கே அழைத்துப் போய்விட்டார். வெள்ளை டைல்ஸ், நான்கு முனை கேஸ் அடுப்பு, ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரம்.

"டிவிக்காரங்க இதைப் பார்த்துட்டு, கிராமம் மாதிரி இல்லயேன்னாங்க. எங்க மச்சினன் உரம் போட்டு வச்சிருக்கிற வீட்டைக் காட்டினேன். உடனே அழுவாத குறையா சந்தோஷப்பட்டாங்க."

சமையலறையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் மாணிக்கம். ஈப்போ புந்தோங்கில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மண்டபத்தின் கூரைச் செலவுக்காக அடுத்த வார ஞாயிறு அவர்கள் மதிய உணவு விற்கிறார்கள். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, சமைக்க அக்காவைப் பிடித்திருக்கிறார். இந்த விற்பனை நன்றாகப் போனால் மாதம் ஒரு ஞாயிறு அக்காவுக்கே. அப்படி நடந்தால், தஞ்சோங் மாலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் ஒன்பது ஆண்டுகளாக வேறொருவர் சொல்லும் குழம்புக்கு வெங்காயம் நறுக்கும் வேலையை அக்கா விட்டுவிடலாம். இதையெல்லாம் அக்காவே முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நாங்கள் வந்த நேரத்தில் அது நடக்காது போலிருந்தது.

மாணிக்கத்தின் முன்னால் மேசைமேல் நானூறு டிக்கெட்டுகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக. ஒவ்வொன்றிலும் 'பாக்கியம் அக்காவின் கோழிப் பெரட்டல்' என்று அச்சாகியிருந்தது.

"நான் பெரட்டல்னு சொல்லவே இல்லண்ணே" என்றார் அக்கா.

"டிவியில எழுத்தே போட்டான் லா! ஊரே பார்த்துச்சு." மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க பார்த்தீங்கதானே? என்ன போட்டான்?"

பெரட்டல் என்றுதான் போட்டார்கள் என்று சாட்சி சொன்னேன். ஐந்து முறை பார்த்தவன் என்ற தகுதியையும் குறிப்பிட்டேன்.

"அந்தப் பையன் என்ன சமையல்னு கேட்டான். பெரட்டுக் கோழின்னு சொன்னேன். பெரட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சட்டியில போட்டுப் பெரட்டுறது" என்றார் மாணிக்கம்.

"போச்சு! புந்தோங்கிலேயே பொறந்தா இப்படித்தான்" என்று அக்கா தலையில் கை வைத்தார். "தோட்டத்துல காலையில மணி அடிச்சா எல்லாரும் ஆபீஸ் முன்னாடி வரிசையா நிக்கணும். கிராணி பேர் கூப்பிடுவாரு, இன்னைக்கு யாருக்கு எந்த மர நிரைன்னு சொல்லுவாரு. அதுக்குப் பேருதான் பெரட்டு. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆக்குறது பெரட்டுக் கோழி. அரை மணி நேரந்தான் இருக்கும். சட்டியில போட்டு யாரு பெரட்டிக்கிட்டு நிப்பா? தண்ணியா ஒரு குழம்பு, ராத்திரி சோத்துல ஊத்தினா சோறு இளகணும், அவ்வளவுதான். அதுவும் சம்பளத்துக்கு மறுநாள்தான் கோழி. மத்த நாள் நெத்திலி."

"அப்புறம் டிவியில சட்டி காய்ஞ்சு கிடந்துச்சே?" இது கலைவாணி.

"மூணு மணி நேரம் அடுப்புலயே வச்சுட்டாங்க தங்கச்சி! லைட்டு சரியில்லன்னான். சேவலு நடக்க மாட்டேங்குதுன்னான். நான் ஒருதரம் திறந்து பார்த்தேன், குழம்பெல்லாம் வத்திப் போச்சு. 'சூப்பரா இருக்குக்கா, அப்படியே விடுங்க'ன்னுட்டான்."

இரண்டரை ஆண்டுகளாக நாங்கள் எச்சில் விழுங்கிப் பார்த்த பதார்த்தங்களில் எத்தனை இப்படி வற்றிப்போனவையோ என்று கணக்குப் போட்டேன். கணக்கு பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

மாணிக்கம் வழி சொன்னார். "அப்ப அங்கேயும் மூணு மணி நேரம் வத்த வை. செனாங் லா, சுலபம்."

"நானூறு பேருக்கு மூணு மணி நேரம் வத்த வச்சா எலும்புதான் மிஞ்சும். பெரட்டல் வேணும்னா புந்தோங்கில தெருவுக்கு ரெண்டு கடை இருக்கு. அவங்க என்னைவிட நல்லா செய்வாங்க. எனக்கு அது வராது, நான் பொய் சொல்லல. ஆனா டிக்கெட்டுல என் பேரு இருக்கு."

"தண்ணியா ஊத்தினா ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க பாக்கியம். அடுத்த மாசம் உன்னைக் கூப்பிட முடியாது. கமிட்டில நான் ஒருத்தன் மட்டும் இல்ல."

"கூப்பிடாட்டி போங்கண்ணே" என்றார் அக்கா. ஆனால் அவர் குரல் முன்போல் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் நின்றது. பிறகு அக்கா எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க. அதுக்காவது வந்தீங்கள்ல."

நேரம் பார்த்தேன்: 11.22. கோழி ஏற்கெனவே சின்னத் துண்டுகளாக வெட்டியிருந்தது. காய்ந்த மிளகாயும் இஞ்சியும் பூண்டும் பிளெண்டரில் போயின. திரையில் அம்மியில் அரைத்தாரே என்றதற்கு, அந்த அம்மி பக்கத்து வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல் என்றார். ஓர் உருளைக்கிழங்கு. தாராளமாகத் தண்ணீர். அப்போதுதான் கலைவாணி, நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டார்: புளி எவ்வளவு?

"புளி ஏது? ஊறவச்சுக் கரைக்க நேரம் இருக்கா? அசாம் துண்டு ரெண்டு தூக்கிப் போட்டா முடிஞ்சது." காய்ந்த அந்தப் பழத்துண்டுகளை மூடியில்லாத ஒரு பாட்டிலிலிருந்து எடுத்து வீசினார். "டிவியில சொன்னேனே, கேக்கலயா?"

11.46க்கு அடுப்பு அணைந்தது. இருபத்து நான்கு நிமிடம். முந்தின நாள் சோற்றைத் தட்டில் உதிர்த்து, மேலே ஊற்றினார். குழம்பு தட்டின் விளிம்பு வரை ஓடியது. மாணிக்கம் அதைச் சோகமாகப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடவில்லை, "ஆஹா" என்று சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டார். மூன்றாம் முறை தானே போட்டுக்கொண்டார். குழம்பில் சோறு இளகி, மிளகாயும் அந்தப் புளிப்பும் அடித்தொண்டையில் ஒன்றாகப் பிடித்தன. எனக்கு மூக்கில் நீர் வந்தது. தட்டைக் கழுவிவிட்டு வந்த மாணிக்கம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, பேனா இருக்கா?"

'பெரட்டல்' என்பதில் 'ல்'லை அடித்துவிட்டு, 'ட'வுக்கு ஒரு வால் போட்டால் 'பெரட்டு'. நானூறு டிக்கெட்டுகள். வேலையைப் பிரித்துக்கொண்டோம்: மாணிக்கம் அடித்தார், கலைவாணியும் நானும் வால் போட்டோம், அக்கா தேநீர் போட்டார். ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்தது. கலைவாணியின் வால்கள் அச்செழுத்து மாதிரி இருந்தன. என்னுடையவற்றில் முப்பதுக்கு மேல் 'பெரட்டூ' ஆகிவிட்டன. தோட்டத்துப் பெரட்டு நீளமாகத்தான் இருக்கும், அதனால் குற்றமில்லை என்று அக்கா தீர்ப்பளித்தார். "கமிட்டில கேட்டா?" என்றேன். "சாப்பிடச் சொல்லுவேன்" என்றார் மாணிக்கம். அவர் முகத்தில் பெரிய நம்பிக்கை தெரியவில்லை. அக்கா வாசல் வரை வந்து வழியனுப்பியபோது, ஞாயிற்றுக்கிழமை மழை வருமா என்று மட்டும் கேட்டார்.

மாலை நான்கரைக்கு வீடு திரும்பினோம். மறுநாள் ஐந்து மணிக்கு நிகழ்ச்சியைப் பார்த்தோம். வேறோர் ஊர், வேறோர் அக்கா, சேவல் மட்டும் தெரிந்த முகமாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் பிடித்ததா என்றால், முன்பைவிட. ஒரு பெண் அரை மணி நேரம் சமைப்பதை, ஊரே வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து பார்க்கிறது. கேன்டீனில் ஒன்பது ஆண்டுகளாக யாரும் பாக்கியம் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. அதற்காக ஒரு சேவலை வாடகைக்குப் பிடிப்பது எனக்குப் பெரிய மோசடியாகத் தெரியவில்லை. புறப்படும்போது கலைவாணிக்கு அக்கா ஒரு பை நிறைய அசாம் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு நாங்கள் மீ சாப்பிடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலையே நல்லது, மற்ற நாட்களில் அக்கா வேலையில் இருப்பார். காரில்லாதவர்கள் ஈப்போவிலிருந்து ரயிலில் போகலாம், சிலிம் ரிவரில் நிற்கும். போகவர டோலும் பெட்ரோலும் சேர்ந்து எங்களுக்கு ஐம்பத்தெட்டு வெள்ளி ஆனது. அக்கா காசு வாங்க மாட்டார். பழம் வாங்கிப் போங்கள், மாம்பழம் வேண்டாம், அவர் வீட்டிலேயே மரம் இருக்கிறது. பலகை வீட்டுக்கு மழையன்று போகாதீர்கள். செங்கல்லைத் தொடாதீர்கள், மச்சினனுக்கு அது வேண்டுமாம்.

புந்தோங் விற்பனைக்கும் போயிருந்தோம். மழை இல்லை. பெரட்டலுக்கென்று முன்பே வாங்கிவிட்ட பழுப்புக் காகிதத்தில்தான் சங்கத்தார் பொட்டலம் கட்டினார்கள். காலை பத்துக்குத் தொடங்கி 12.40க்கு நானூறும் தீர்ந்தன. பத்தொன்பது பேர் குழம்பு ஒழுகிக் கார் இருக்கை பாழானதாகத் திரும்பி வந்து சொன்னார்கள். அவர்களில் பதினொருவர் இன்னொரு பொட்டலம் கேட்டார்கள், இல்லை. அடுத்த மாத விற்பனைக்குச் சங்கம் மூடி போட்ட டப்பா அறுநூறு வாங்கியிருக்கிறது.