எடுத்துக்காட்டு ஒன்று தேவை

ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் கடைசியில் அசையாத ஓர் இடத்தில் போய் நிற்கும் என்று நிரூபிப்பதுதான் எங்கள் நிலைப்புள்ளி ஆராய்ச்சி. தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படிக்கும் சக பாவிகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

தரையில் ஒரு மாவட்டம்

ஓசூர் கல்லூரியில் எனக்குக் கிடைக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். ஒரு நாள் கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடத்தை வகுப்பறைத் தரையில் போட்டேன். "படத்தை எப்படிப் போட்டாலும் சரி, அதில் ஒரே ஒரு புள்ளி, தான் குறிக்கும் நிஜ இடத்துக்கு நேர் மேலேயே இருக்கும். அதுதான் நிலைப்புள்ளி" என்றேன். எனக்கே புல்லரித்தது.

தளியிலிருந்து வரும் பசவராஜ் எட்டிப் பார்த்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். "இருந்துட்டுப் போவட்டும் மேடம், எனக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ் போயிடும்."

முதல்வர் அறையில்

அந்த ஆண்டு சேர்க்கை படுத்துவிட்டது. முதல்வர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது ஆய்வேடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். கடைசி அத்தியாயத்தின் தேற்றத்தை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறேன், அது ஏற்றுக்கொண்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். அதனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஜூனுக்குள்ள பட்டம் வரலன்னா, உங்க கணக்கு வகுப்பையும் ஃபிசிக்ஸ் சாரே பார்த்துக்குவார் மேடம்."

நிபந்தனை சேர்க்கும் முறை

எங்கள் துறையில் புதிய தேற்றம் செய்வது குழம்பைச் சரிக்கட்டுவது மாதிரிதான். நிரூபணம் ஓரிடத்தில் சிக்கினால் ஒரு நிபந்தனையைச் சேர்ப்போம், வழி விட்டுவிடும். இதழுக்கு அனுப்பும் முன் எனக்கும் சிக்கியது. புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன, ஆனால் ஒரே இடத்தில் குவிகின்றன என்று காட்ட முடியவில்லை. மாதக்கணக்கில் தாளைக் கிழித்துப் போட்டேன்.

என் வழிகாட்டி மாதப்பன் சார், ஓய்வு பெறப்போகும் அரசுக் கல்லூரிப் பேராசிரியர். என் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பென்சிலால் ஒரு வரி எழுதினார். "இத ஒண்ணு சேத்துக்கம்மா, குவிஞ்சிடும்." குவிந்தது.

இதழிலிருந்து வந்த பதில்

நிரூபணம் சரியாக இருக்கிறது, பாராட்டுகள். உங்கள் நிபந்தனைகளுக்கு உட்படும் சார்புக்கு, அதாவது புள்ளிகளை இடம் மாற்றும் விதிக்கு, நல்ல எடுத்துக்காட்டு ஒன்று தந்தால் வெளியிடலாம் என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவுதானா என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். சாதாரண நேர்கோட்டை எடுத்துக்கொண்டேன். நான் போட்ட சார்பு எதுவும் அந்தப் பென்சில் வரியைத் தாண்டவில்லை. கடைசியில் விஷயம் பிடிபட்டது. நேர்கோட்டில் அந்த நிபந்தனைக்கு உட்படுவது ஒரே வகைச் சார்புதான்: எல்லாப் புள்ளிகளையும் தூக்கி ஒரே புள்ளியில் கொண்டுபோய்ப் போடுவது. மற்ற எதற்கும் உள்ளே இடமில்லை.

சாப்பிட வந்த கணவர் முனிராஜ் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று அவர் முயன்றது தெரிந்தது. "எல்லாத்தையும் ஒரே எடத்துக்கு அனுப்பிட்டா அந்த எடம் நகராதுன்னு சொல்லவா இவ்ளோ வருஷம் படிச்ச?"

மூன்று புள்ளி வைத்தியம்

எங்கள் துறைத் தலைவர் வேலு சார் பதறவே இல்லை. நேர்கோட்டுக்கு ஏன் போகிறீர்கள், தனித்தனியாக மூன்றே புள்ளிகள் உள்ள ஓர் இடத்தை உண்டாக்குங்கள், அதில் எந்த நிபந்தனையும் உட்காரும் என்றார். அது பொய்யும் இல்லை. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அன்று மாலையே மூன்று புள்ளி எழுதினேன், உட்கார்ந்தது. ஆனால் நேர்கோட்டில் செத்துப்போன தேற்றத்துக்குப் பவுடர் பூசி உட்கார வைத்த மாதிரி இருந்தது. அனுப்பக் கை வரவில்லை. வேலு சார்தான் தைரியம் சொன்னார்.

"அனுப்புங்க மேடம், யாரும் நேர்கோட்டுல போட்டுப் பாக்க மாட்டாங்க."

கெலமங்கலத்தில்

மாதப்பன் சார் அறுவை சிகிச்சை முடிந்து கெலமங்கலத்தில் வீட்டோடு இருந்தார். அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். போகும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். கட்டிலில் சாய்ந்தபடி தாளை வாங்கிப் படித்தார். பென்சில் கேட்டார். நேர்கோட்டில் அவரே போட்டுப் பார்த்தார், இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தார். மூன்று புள்ளி யோசனையைச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அந்த நிபந்தனைய நான்தாம்மா சேக்கச் சொன்னேன்."

மறுபடியும் முதல்வர் அறையில்

ஜூன் வந்தது. கட்டுரை இல்லை, அத்தியாயம் இல்லை, பட்டம் இல்லை. நடந்ததை முதல்வரிடம் முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், அப்படியானால் தேற்றம் தப்பா என்றார். தப்பில்லை சார், ஒவ்வொரு வரியும் சரிதான் என்றேன். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"தப்பில்லன்னா எதுக்கு மேடம் திரும்ப வாங்குனீங்க?"

எடுத்துக்காட்டைத் தேடாமல் ஒரு தேற்றத்தை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம். தேடி, அப்படி ஒன்று இல்லை என்று கண்டுபிடித்தால்தான் வேலை போகும்.