பன்னிரண்டாவது கதிரை

பெரிய வியாழன் பூசையில், இயேசு தன் சீடர்களின் கால் கழுவியதை நினைந்து, சுவாமி கால் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுப்பவன் நான்தான். மொன்றியலில் எங்கள் தமிழ்ப் பங்கு தொடங்கிய காலத்திலிருந்து அந்தப் பொறுப்பு யோசெப்பாகிய என்னிடமே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கோப்பை கழுவி இந்த நாட்டில் காலூன்றியவன், இன்று லொங்குய்யில் பெரிய பெரிய கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்கும் கம்பனிக்கு முதலாளி. ஓர் ஆளைப் பார்த்த உடனேயே அவன் எதற்கு உதவுவான் என்று சொல்லிவிடுவேன். பன்னிரண்டு கதிரைகளில் முதலாவது பேதுருவினுடையது. அதில் நான் இருப்பேன். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கடைசிக் கதிரைதான் கரைச்சல். முதலாவது பேதுரு என்றால் கடைசி யார் என்று சனம் தானாகவே தீர்மானித்துவிட்டது. காட்டிக்கொடுத்த யூதாசின் கதிரை! வேதாகமத்தில் கதிரை வரிசையே இல்லை என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லியும் பார்த்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அந்தக் கதிரையில் வருடாவருடம் இருந்தவன் அருமைநாதன். நான் எழுத வந்தது அவனைப் பற்றித்தான்.

பேசாலைக்காரன். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் வேலை. பனியும் தண்ணீரும் கலந்து கிடக்கும் சீமெந்துத் தரையில் நாள் முழுக்க நிற்கவேண்டும். இரண்டு சோடிக் காலுறை, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் சப்பாத்து. அப்படியும் ஈரம் உள்ளே போய்விடும். நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுவதென்றால், சந்தையில் விலைப்படாத கிறிஸ்மஸ் மரங்களின் கொப்புகளை அவன்தான் தோளில் சுமந்து வருவான். மடுமாதா திருவிழாவில் மாதாவின் சிலையைச் சுமந்து வரும் சுருவக் கூட்டின் முன் மூலை அவனுடையது. கோயில் படியிறங்கும்போது பாரம் முழுவதும் அந்த மூலைக்குத்தான் சரியும். திருவிழாப் படங்களில் மாதா முழுதாகத் தெரிவா. அருமைநாதனின் ஒரு காது தெரியும்.

முதல் வருடம் வேலையிலிருந்து பிந்தி வந்தான். கடைசிக் கதிரைதான் மிச்சமிருந்தது. இருந்துவிட்டான். அன்றிலிருந்து பெயர் விழுந்தது.

"யூதாஸ் அண்ணை வாறார், காசுப் பையைக் கவனியுங்கோ!" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருதரம் நான் கேட்டேன், உனக்கு ரோசமே இல்லையா என்று.

"அண்ணை, வருசம் முழுக்க நனையிற கால் இது. அண்டைக்கு ஒருநாள் சுவாமி முழங்காலில நிண்டு துடைச்சு விடுறார். எந்தக் கதிரையெண்டால் எனக்கென்ன?" என்றான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, பெரிய வியாழனுக்கு முதல்நாள் அவன் மனைவி றோசலின் என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"யோசெப் அண்ணை, இந்த முறை இவரைக் கூப்பிடாதேங்கோ."

"ஏன் பிள்ளை, வேலையோ?"

"வேலையில்லை. றொஷினியை மறைக்கல்வி வகுப்பில யூதாசின்ர மகள் எண்டு சொல்லுதுகள். தமிழில சொல்லி முடிச்சு இப்ப பிரெஞ்சிலயும் சொல்லுதுகள். தகப்பன் அதில இருந்தால் தான் இனிக் கோயிலுக்கே வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"அருமை என்ன சொல்லுறான்?"

"ஓமெண்டிட்டார். அதுக்குப் பேந்து ஒண்டும் கதைக்கேல்லை. சாப்பிடவும் இல்லை."

"அப்ப அவனை நடுவில இருத்திவிடுறன்."

"இருத்தினால்? யூதாசுக்குப் புரமோஷன் எண்டு சொல்லுவினம் உங்கட ஆக்கள். யூதாஸ் கதிரையில இல்லை அண்ணை, சனத்தின்ர வாயிலதான் இருக்கிறார்."

நான் ஆட்களுக்குப் போன் எடுத்தேன். நான் கேட்டு ஒருவரும் இல்லையென்று சொன்ன வரலாறு கிடையாது. அன்று எல்லாருக்கும் சளி. என்னிடம் வேலை செய்யும் கிறிஸ்தோப்பர் மட்டும் நேராகச் சொன்னான். "மகளுக்குக் கலியாணம் பேசுறம் அண்ணை. மாப்பிள்ளை வீட்டார் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில இருந்து பூசைக்கு வருகினம். நான் யூதாசாய் இருந்தால் சரிவருமே?"

மறுநாள் பூசையில் பதினொரு பேரும் ஒரு வெறுங்கதிரையும். அருமைநாதன் வேலையிலிருந்து நேராக வந்து, மனைவி மகளோடு முன்வரிசை வாங்கில் இருந்தான். சுவாமி என்னிடம் தொடங்கி ஒவ்வொருவராக வலது காலைக் கழுவிக்கொண்டு போனார். கடைசிக்கு வந்து, கையில் துவாயோடு நின்றார்.

"யூதாஸ் முப்பது காசோட ஓடிட்டான் போல," என்றது பின்னாலிருந்து கிறிஸ்தோப்பரின் குரல். இரண்டு வாங்கு சிரித்தது.

றொஷினி தலையைக் குனிந்தாள். அருமைநாதன் எழும்பி, பிள்ளையின் குளிர்க் கோட்டைக் கையில் எடுத்தான். வெளியே போகப் போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. போனால் அந்தக் குடும்பம் திரும்பி வராது என்பதும் விளங்கியது.

நான் எழுந்தேன். வலது காலில் ஈரம், இடது காலில் சப்பாத்து. டொக், சளக், டொக், சளக் என்று பீடத்துக்கு முன்னால் நடந்துபோய்க் கடைசிக் கதிரையில் இருந்தேன். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவன் நான்.

"அருமை! அங்க என்ர கதிரை சும்மா கிடக்கு. வந்து இரு. இது ஆரின்ர கதிரை எண்டு சொல்ல விருப்பமான ஆக்கள் இப்ப சொல்லலாம். கேப்பம்."

கிறிஸ்தோப்பர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

அருமைநாதன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். அவள் கோட்டை அவன் கையிலிருந்து பறித்தாள்.

"போங்கோ பப்பா. எல்லாரும் பாக்கினம். கெதியாப் போங்கோ!"

போய் இருந்தான். சப்பாத்தைக் கழற்றியபோது பிளாஸ்டிக் பை கோயில் முழுக்கச் சரசரத்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. சுவாமி தண்ணீரை மாற்றிச் சுடச்சுடக் கொண்டுவரச் சொன்னார். அவன் முன்னால் முழங்காலில் நின்று இரண்டு காலையும் கழுவி, விரல் விரலாகத் துடைத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் ஒரு கால்தான்.

அடுத்த தவக்காலம் தொடங்கு முன்பே போன் அடிக்கத் தொடங்கியது. "அண்ணை, எனக்கு அந்தக் கடைசிக் கதிரையைத் தாறியளோ?" முதலில் கேட்டவன் கிறிஸ்தோப்பர். ஏழாவதுதான் தருவேன், கடைசி இனி என்னுடையது என்றேன். நான் இருந்த இடம் பெரிய இடம் ஆகாமல் வேறென்ன ஆகும்? மறைக்கல்வி வகுப்பில் இப்போது யூதாசைப் பற்றிய பேச்சு பாடத்தில் மட்டும்தான். றொஷினி பெரிய வியாழனில் முதல் வாசகம் தமிழில் வாசிக்கிறாள். "ற"வும் "ர"வும் பிரெஞ்சு மாதிரித்தான் வருகின்றன, ஆனால் சத்தமாக வாசிக்கிறாள்.

இந்த வருடமும் அருமைநாதன் சந்தையிலிருந்து பிந்தித்தான் வந்தான். எனக்குப் பக்கத்துக் கதிரை ஒன்றுதான் மிச்சம். அதில் ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டு என் விலாவில் இடித்தான்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி அரக்கி இருங்கோ. ரண்டு பேற்ர இடத்தைப் பிடிச்சிருக்கிறியள்."

இந்த நாட்டில் என்னை அரக்கச் சொல்லத் துணிந்தவன் அவன் ஒருவன்தான். அரக்கினேன்.