பிலோமினா மிஸ் வெட்டிய வளையங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா மிஸ்ஸின் மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா போயிட்டா, சேர்" என்றபோது, "ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். தாயைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? எதையும் சந்தேகிக்கிற புத்தி எனக்கு. அவரோடு வேலை செய்த உங்களுக்கு அது தெரியும். அந்தப் புத்தியால் நான் அவருக்குச் செய்ததை உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

யுத்த காலம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் ஆராய்ச்சியாளன், அவர் தொழில்நுட்ப உதவியாளர். எலியின் இரத்தக்குழாயை மெல்லிய வளையமாக வெட்டி, இளஞ்சூடான உப்புநீரில் தொங்கவிட்டு, இறுக வைத்து, உடம்பு தானே சுரக்கும் பெப்டைட் என்ற சிறு புரதத்தில் ஒரு துளி விடுவோம். நல்ல குழாய் தளரும். உயர் இரத்த அழுத்தமுள்ள எலிகளின் குழாயை நான் வெட்டியபோது அது அசையவே இல்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். மாநாட்டுக்குக் கட்டுரையும் அனுப்பியாயிற்று.

"எலிக்கு வருத்தமோ, உங்கட கைக்கு வருத்தமோ, சேர்?" என்றார் மிஸ். "குழாயைத் தளர்த்துறதே உள்சவ்வுதான். பிடிக்கிற சாமணம் அதில உரஞ்சினால் நல்ல எலியின்ட குழாயும் அசையாது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அதே எலிகளிலிருந்து அவர் வெட்டிய வளையங்கள் மட்டும் ஓரளவு தளர்ந்தன. எதையோ கலக்கிறார், என் கட்டுரையைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்றே நம்பினேன். பெப்டைட் குப்பிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, பின்னேரங்களில் வெள்ளவத்தையில் என் அறைக்கே கொண்டுபோகத் தொடங்கினேன். அது மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் நாள் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். தமிழன் கையில் கண்ணாடிக் குப்பிகள். அந்த நாட்களில் வெடிமருந்து என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்கள்? பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தபடியே, காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று முடிவு கட்டினேன்.

பொலிஸார் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுக்க, துறைத் தலைவரின் கடிதத்தோடு வந்து நின்றவரும் அவரேதான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மாத்தயா, ஐஸ் டிக்கக் தியனவத?" என்று, கொஞ்சம் ஐஸ் இருக்கிறதா எனச் சிங்களத்தில் கேட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் எடுப்பித்து முதலில் பிளாஸ்கை நிரப்பினார். அதன் பிறகுதான் எனக்காகக் கதைத்தார்.

வெளியே வந்ததும், நன்றி சொல்லவேண்டிய வாய், "நீங்கள்தானே சொன்னது?" என்றது.

"அடக் கடவுளே! அவங்கள் எல்லாற்ற பையையும்தான் பாக்கிறாங்கள். உங்களைப் பிடிச்சுக் குடுத்து எனக்கு என்ன கிடைக்கும், சேர்? நாளைக்கு ரெண்டு நல்ல எலி எடுப்பம். நீங்கள் ஒண்டு வெட்டுங்கோ, நான் ஒண்டு வெட்டுறன்."

மறுநாள் வெட்டினோம். பெப்டைட்டை என் கையாலேயே விட்டேன். அவருடைய வளையம் தளர்ந்தது. என்னுடையது மரக்கட்டை. நோயே இல்லாத எலி அது! கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாதக்கணக்கில் மிஸ் வெட்ட, நான் அளந்தேன். நோயுற்ற குழாயும் தளர்கிறது, ஆனால் குறைவாகத்தான் என்று தெரிந்தது. அந்த முடிவுதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. அது அச்சான கட்டுரைப் பிரதியை அவரிடம் நீட்டியபோது, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துத் தேடினார். அவர் பெயர் எங்கும் இல்லை. "வடிவா வந்திருக்கு, சேர்" என்று திருப்பித் தந்தார்.

அவர் விரல் ஓடிய அந்தப் பிரதியைத்தான் அவருடைய நினைவாக வைத்திருக்கிறேன். பெயரைப் போட மறந்துபோனேன் என்றே இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது அதையும் நான் நம்பவில்லை.