இரண்டு நீல விளக்குகள்

மனிதனுக்கு 'கை' என்று பேர் வைத்தவன் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எங்கள் வேலையில் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஆம்பூரில், வீட்டு மாடியறையில், தோல் பதனிடும் ஷாப்பு வாசனை ஜன்னல் வழியாக வர, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டாவதும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும்தான் என் படிப்பு. அல்லாஹ் கொடுத்த ரிஜ்க், பிழைப்புக்குக் குறையில்லை. ஆனால் தொடாமல் தீராத வேலை வந்தால், அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒருவன்தான் போய்த் தொட வேண்டும். அவன்தான் 'கை'. ஆளில்லை, கை.

மும்பைக் கட்டடத்தில் இருப்பவனின் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல் தெரியும், கால் அளவு தெரியும்: எட்டு. ஆம்பூர் என்றதுமே ஷூ கேட்டவன். என் உருதுவைக் கேட்டால் சிரிப்பான்.

"பாய், உங்க உருதுல சாம்பார் வாசனை அடிக்குது."

"நீ ஷூவ கேளு, வாசனைய கேக்காத" என்பேன்.

வரிசை வரிசையாக ஒரே மாதிரி பெட்டிகள். எதைத் தொடுவது என்று அவனுக்குத் தெரிய, இங்கிருந்தே அந்தப் பெட்டியின் நீல விளக்கை எரிய விடுவேன். எரிவதை அவன் இழுப்பான். அன்று காலை ஒரு கெட்டுப்போன சர்வரைக் கழற்ற வேண்டும். போனில் மூன்று பேர்: நான், அவன், சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர்.

"பாய், ரெண்டுல எரியுதே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"இரு, தொடாத. நான் என்னோடத அணைக்கிறேன், எது அணையுதுன்னு..."

நான் முடிக்கவில்லை. "டைம் இல்ல. மேல இருக்கறத இழு" என்றார் மேனேஜர். அவன் இழுத்தான்.

மேலே இருந்தது நல்ல சர்வர். முந்தின நாள் எதையோ சோதிக்க அதன் விளக்கைப் போட்டு, அணைக்க மறந்தவர் மேனேஜரேதான். அதை நம்பியிருந்த கடைகளில் மத்தியானம் வரை பில் போட முடியவில்லை. சாயங்காலம் கம்பெனியில் மேனேஜர் சொன்ன காரணம்: "கை தப்புப் பண்ணிடுச்சு." மறுநாள் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பேச்சு பதிவாகவும் இல்லை. கேட்டது மூன்று பேர் காதுதான். அதில் ஒன்று என்னுடையது.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வேலை நீடிப்பதும் அந்த மேனேஜர் கையில்தான். நடந்ததெல்லாம் தெரிந்த என் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க யோசனை? பள்ளிவாசல்ல மட்டும் ஓடிப்போய் முதல் வரிசைல நிக்கறீங்க. இதுக்குப் பின்னாடி நிப்பீங்களா?"

"வேலை போய்ட்டா?"

"போனா போவுது. சாட்சிய மறைச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சினு தொழுவீங்க?"

கம்பெனி வைத்த விசாரணைக் கூட்டத்தில், மேனேஜருக்கும் மேலே இருக்கும் பெரிய மேடம் இருந்தார். மேனேஜர் கூசாமல் என்னையே கேட்டார்: "பாய், நீங்களும் லைன்ல இருந்தீங்கல்ல? அவனாத்தானே இழுத்தான்?"

"இல்ல சார். ரெண்டு எரியுதுன்னு அவன் சொன்னான். மேல இருக்கறத இழுன்னு நீங்க சொன்னீங்க."

"இப்ப அது பிரச்சனை இல்ல பாய்..."

"அதான் சார் பிரச்சனை. அங்க ஒரு ஆள் வேலையில்லாம உக்காந்திருக்கான். அல்லாவுக்குப் பயந்து சொல்றேன் மேடம், அவன் மேல தப்பே இல்ல."

 

அவனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு? ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. நாளைக்கு வா என்றார்களாம், அவ்வளவுதான். மேனேஜர் இப்போது என் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. வேண்டாம், பதிலை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அவன் திரும்பிய வாரமே அதே வரிசையில் ஒரு வேலை வந்தது. விளக்கைப் போட்டேன். ஒன்றில்தான் எரிகிறது என்று அவனே சொன்னான். ஆனாலும் அவன் இழுக்கவில்லை. இதற்கு முன் எப்போதும் இப்படித் தயங்கியவனில்லை.

"பாய், ஒருவாட்டி அணைச்சுப் போடுங்களேன்."

அணைத்தேன், போட்டேன்.

"இன்னொருவாட்டி."

மறுபடியும் அணைத்துப் போட்டேன். நான் பிஸ்மில்லா சொல்ல, அந்தப் பக்கம் அவன் கணபதி பேரைச் சொல்லி இழுக்கும் சத்தம் கேட்டது.