ஃபில்டர் பேப்பர் குடித்த சாயம்

அக்கா கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது அவளைவிட அதிகம் உழைத்தவை எங்கள் பற்கள்தான். வேர்க்கடலை ஓட்டைக் கரியாக்கி, அந்தக் கரியால் சாயத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது அவளுடைய ப்ராஜெக்ட். ஓடு வேண்டுமே. அப்பா, அம்மா, நான் என்று வீடே நான்கு மாதம் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றோம். அப்பாவுக்கு வயிறு உப்பிய கதையெல்லாம் அவள் ரிப்போர்ட்டில் வராது.

ரிசல்ட் பிரமாதம். நீலச் சாயத் தண்ணீரில் கரியைப் போட்டுக் குலுக்கி, ஃபில்டர் பேப்பரில் வடிகட்டினால் தொண்ணூற்றாறு சதவீதம் நிறம் போய்விட்டது. பாராட்டுவதில் மகா கஞ்சமான அவளுடைய கைடு மேடமே "பரவால்ல" என்றாராம். அக்காவுக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மிச்சமிருந்த சாயத் தண்ணீரில் தூசி விழுந்துவிட்டது. ஃபில்டர் பேப்பரில் ஊற்றினாள். அந்தத் தண்ணீரில் கரியே கிடையாது. ஆனாலும் கீழே வெளிறிப்போய் இறங்கியது. பேப்பர் மட்டும் நன்றாக நீலமாகியிருந்தது.

அன்று என்னிடம் மட்டும் சொன்னாள். "கரி பாதி வேலதான் பாத்திருக்குடி. மீதியெல்லாம் அந்தப் பேப்பர். எடுத்த ரீடிங் மொத்தமும் தப்பு."

"யாருக்குத் தெரியப் போகுது, விடேன்."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

விடச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஆனால் எனக்குப் பயம். பாஸானால்தான் வேலை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஃபெயிலானால் ஒரு வருடமும் போச்சு, வேலையும் போச்சு.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றாள். அவர் நீலமாகியிருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே வடிகட்டாத. சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி கரிய அடியில எறக்கு. நாப்பத்தெட்டு ரீடிங்கும் திரும்ப எடு" என்றார். திட்டவில்லை. அதிலேயே அக்காவுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

அந்த மெஷினில் ஒரு தடவைக்கு நான்கு குழாய்தான் வைக்கலாம். லேப் திறக்கும் முன்பே போய்க் கதவடியில் உட்கார்ந்திருப்பாள். ஒன்பதாம் நாள் புது எண் வந்தது: ஐம்பத்தெட்டு சதவீதம். பார்க்கவே பாவமாக இருந்தது. அதையே அச்சடித்தாள்.

வைவாவுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ரிப்போர்ட்டைப் புரட்டி ஒரே கேள்விதான் கேட்டார். "எல்லாரும் வடிகட்டுவாங்க. நீங்க ஏன் சுத்தினீங்க?"

தொண்ணூற்றாறு உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் டாக்டரேட் வாங்கினதே அந்தப் பேப்பர்ல வடிகட்டிதான்மா. இது எனக்குத் தோணவே இல்ல" என்றார். "நீங்க போகலாம்."

சாயங்காலம் ரிசல்ட் ஒட்டியதும் வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். "பாஸ்டி" என்றாள். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.