குவைத்துக்குப் பாடியவன்

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் விற்ற ஒரு கூல் பாரில்தான் நான் முதன்முதலாக மைக்குக்கு முன்னால் நின்று பாடினேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. என் மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கடையை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். கடைக்காரர் கொழும்பில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஓப்பன் மைக் தொடங்கியிருந்தார். ஐஸ்கிரீம் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பலகையடித்த ஒரு சின்ன மேடை, ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், அவ்வளவுதான். வாசலில் தொங்கிய கரும்பலகையில் யாரும் பெயரை எழுதலாம். ஆளுக்கு இரண்டு பாட்டு. நாலரைக்குத் தொடங்கினால் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். ஒட்டுசுட்டானுக்கும் முல்லைத்தீவுக்கும் போகிறவர்களுக்கு அதற்குப் பிறகு பஸ் இல்லை.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில் கரோக்கி போட்டுப் படப்பாட்டுத்தான் பாடினார்கள். குரல் இருந்தவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் கைதட்டு. வாத்தியத்தோடு வந்தது இரண்டே பேர். ஒருவர் முல்லைத்தீவிலிருந்து துணி விற்க வரும் முஸ்லிம் நானா. மவுத் ஓர்கன் வாசிப்பார். மற்றது நான். சொந்தப் பாட்டு வைத்திருந்தது நான் மட்டும்தான்.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். கிற்றார் படித்தது போனைப் பார்த்து. மனைவி இருந்த காலத்தில் அதை அலுமாரிக்கு மேலே போட்டிருந்தேன். அவள் போன பிறகு, வீட்டில் கதைக்க ஆளில்லாமல் அதை எடுத்தேன்.

அவள் போனது வீட்டுக்காக. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு சுவரோடு நின்றுவிட்டது. இரண்டு வருடம் தறப்பாளின் கீழே படுத்தோம். தறப்பாளில் ஒரு கிழிசல் இருந்தது. படுத்தபடி அதற்குள்ளால் வானத்து வெள்ளிகளைப் பார்ப்போம். அவள் அனுப்பியதில் கூரை போட்டு முடித்த அன்று, நிமிர்ந்து பார்த்தால் வெறும் ஓடு. அன்றுதான் அந்தப் பாட்டு வந்தது.

கூரை போட்டு முடிஞ்சுதடி
வெள்ளி பார்க்க ஓட்டை இல்லை

இப்படித் தொடங்கும். பெரிய பாட்டு இல்லை. ஆனால் அதைப் பாடினால் கடையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

முதல் நாளே அவளைக் கேட்க வைக்க ஆசைப்பட்டேன். இரண்டு கையும் கிற்றாரில் இருந்ததால், வட்ஸ்அப் வீடியோவில் அவளை எடுத்து, போனைக் கடைக்கார அக்காவிடம் கொடுத்தேன். அவர் முன் கதிரையில் இருந்து கமராவை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது போனின் முதுகு. மனைவியின் முகம் தெரிந்தது அக்காவுக்கு மட்டும்.

இறங்கி வந்தபோது லைன் கட்டாகியிருந்தது.

“கேட்டவாவோ, அக்கா?”

“ஓம் தம்பி. கண் வெட்டாமல் கேட்டவா.”

அன்றைக்கு ஏதோ பறந்த மாதிரித்தான் வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்தும் மெசேஜ் வந்தது. “நல்லா இருந்தது.”

அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் விடவில்லை. சனத்துக்கும் அது பிடித்துப்போனது. “குவைத்துக்குப் பாடுற அண்ணை வந்திட்டார்” என்று இடம் விடுவார்கள். ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் நேர்ஸ் பிள்ளை ஒருத்தி எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, வவுனியாவில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் புதிதாகச் சேர்ட் தைத்தேன். எல்லாம் அவள்மேல் உள்ள அன்பு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கைதட்டும் எனக்கு வேண்டியிருந்தது என்பதை இன்றைக்குத்தான் ஒளிக்காமல் எழுத முடிகிறது.

ஒருநாள் போனில் அவளிடம் கேட்டேன், “பாட்டிலை உமக்கு எந்த இடம் பிடிச்சது?”

“எல்லாம்தான்” என்றாள்.

இரண்டு வருடம் முடிந்து அவள் வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாடகைக்கு வான் பிடித்துக் கூட்டிவந்தேன். வழி முழுக்க நித்திரை. மெலிந்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் குசினிச் சுவரோடு சாய்ந்து நின்றபடி, சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி, அஞ்சு நிமிசத்தில் சாப்பிட்டு முடிப்பாள். “இருந்து சாப்பிடுமன்” என்றால் இருப்பாள். அடுத்த நேரம் பழையபடி நிற்பாள். புதுக் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். “வடிவாப் போட்டிருக்கினம்” என்று மட்டும் சொன்னாள்.

வந்த இரண்டாவது கிழமை, சனிக்கிழமை, அவளை கூல் பாருக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கலியாணத்துக்கு உடுத்த மாதிரிச் சேலை உடுத்தாள். கடையில் எல்லோரும் எழும்பி நின்றார்கள். துணிக்கார நானா “வாங்கோ தங்கச்சி, உங்களைப் பாக்கத்தான் காத்திருக்கிறம்” என்றார். முன் வரிசையில் நடுக்கதிரையை அவளுக்கு விட்டார்கள். கடைக்கார அக்கா பலூடா கொண்டுவந்து கையில் கொடுத்தார். அக்காவின் முகம் சரியில்லாமல் இருந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

மேடையில் ஏறினேன். போனின் முதுகுக்குப் பதிலாக முதல்முறை அவள் முகம். தொடங்கினேன். முதல் இரண்டு வரிக்கும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் கண் மெல்ல மூடியது. பாட்டில் கரைந்துபோனாள் என்று நினைத்தேன். பிறகு தலை ஒருபக்கம் சரிந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. கையிலிருந்த கிளாஸ் சரியப் போக, பக்கத்தில் இருந்த நேர்ஸ் பிள்ளை பிடித்துக்கொண்டாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்த கணம் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. அவள் சபையில் கண் அயர்கிற மாதிரி அயரவில்லை. பகல் முழுக்க வெட்டிக் கொத்தின ஆள் வரம்பில் விழுந்து படுக்கிற மாதிரிப் படுத்திருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டை முடித்தேன். யாரும் கைதட்டவில்லை, அவள் எழும்பிவிடுவாள் என்று.

இறங்கியதும் அக்கா என்னைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அழுதுகொண்டிருந்தார்.

“தம்பி, என்னை மன்னிச்சுக்கொள். அவா எல்லாக் கிழமையும் இப்பிடித்தான். நீ தொடங்கி ரண்டு வரியிலை நித்திரையாப் போயிடுவா. போன் தலகாணியிலை சாஞ்சு கிடக்கும், ஒரு பக்கத்துக் கன்னம்தான் தெரியும். நீ இறங்க முதல் நான்தான் கட் பண்ணி விடுறனான்.”

“அப்ப ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்?”

“நீ ஓடிவந்து கேக்கிற கேள்விக்கு வேறை என்னத்தைச் சொல்ல?”

அவளை எழுப்பி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படலையில் இறங்கியதும் அவள் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, சபையிலை உங்களை வெட்கப்படுத்திப் போட்டன்.”

“அதை விடும். அக்கா எல்லாம் சொன்னவா.”

அவள் வாசற்படியில் இருந்தாள். மெல்லச் சொன்னாள். நாங்கள் அஞ்சு மணிக்கு வீடியோ கோல் எடுக்கும்போது குவைத்தில் இரண்டரை. வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுக்கும் நேரம். அவர்கள் தேத்தண்ணிக்கு எழும்பும்வரை அவளுக்கு அரை மணித்தியாலம். விடியற்காலை அஞ்சு மணியிலிருந்து நிற்கிறவளுக்கு அந்த நாளில் கிடைக்கும் ஒரே அரை மணித்தியாலம் அதுதான்.

“சாப்பிடவும் அதுக்குள்ளைதான், சரியவும் அதுக்குள்ளைதான். சனிக்கிழமையளிலை சாப்பாட்டை விட்டிட்டுப் போனை எடுப்பன். கேக்க வேணும் எண்டுதான் எடுக்கிறது. முழிச்சுப் பாத்தால் போன் கறுத்துப் போய்க் கிடக்கும். நல்லா இருந்தது எண்டு எழுதிப் போட்டு வேலைக்கு ஓடுவன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடிச் சொல்லுறது? மேடையிலை ஏறேக்கை உங்கட முகத்தைப் பாத்தனான். எங்கட கலியாணத்தண்டுகூட நீங்கள் அப்பிடிச் சிரிக்கேல்லை.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “ஆனால் நீங்களும் ஒருநாள் கேட்டிருக்கலாம், அங்கை இப்ப என்ன நேரம் எண்டு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி, சண்டை பிடித்து, சாப்பிட்டுப் படுத்திருப்போம். எத்தனை கிழமை ஒரு மனுசியின் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்காகப் பாடுகிறேன் என்று நின்றிருக்கிறேன். இனிப் பாடமாட்டேன் என்று மட்டும் கடைசியில் சொன்னேன்.

“பாடுங்கோ” என்றாள். “என்னைப் பற்றிப் பாடாதேங்கோ.”

என்னிடம் வேறு பாட்டு இருக்கவில்லை.

அடுத்த மாதம், கொஞ்சநாள் தாயோடு இருந்து ஆறிவிட்டு வருகிறேன் என்று ஜெயபுரம் போனாள். நானே கொண்டுபோய் விட்டேன். ஞாயிறுகளில் போவேன். தேத்தண்ணி தருவாள், பயிரைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைப்போம். முகம் தெளிந்திருந்தது, உடம்பும் தேறியிருந்தது. “எப்ப வாறீர்?” என்று கேட்டால், “வாறன்” என்பாள். அந்த வாறனில் கோபமும் இல்லை, நாளும் இல்லை. எங்களுக்குள் யாரும் பிழை சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ சரிசெய்யவும் ஒரு வழி கிடைக்கவில்லை.

கூல் பார் இப்போதும் இருக்கிறது. மேடையைக் கழற்றிவிட்டுப் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். வரிகள் ஓட ஓடச் சனம் பார்த்துப் பாடுகிறது. நேர்ஸ் பிள்ளை இங்கிலாந்து போய்விட்டாள். நானா இடைக்கிடை வந்து, வாசிக்காமல் சர்பத் குடித்துவிட்டுப் போகிறாராம். ஒருநாள் அந்த வழியால் பம்பு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனபோது, அக்கா வாசலில் நின்று கையைக் காட்டினார். நானும் காட்டினேன். நிற்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, வழியில் மீன் வாங்கிக்கொண்டு ஜெயபுரம் போனேன். மாமி தனியாக முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் விளக்குமாறு கையில் இருக்கவே நின்றுவிட்டா.

“தம்பி, உனக்குச் சொல்லேல்லையே? வியாழக்கிழமை போயிட்டாள். இந்தமுறை ஓமானாம்.”

“ஓம் மாமி, சொன்னவா” என்றேன்.

மாமி மீனை வாங்கிக்கொண்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா. குழம்பு கொதித்து இறங்கும்வரை முற்றத்தில் இருந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.