"பத்து வருஷமா இருக்கு, டாக்டர்!"

போன செவ்வாய்க்கிழமை முழுவதும் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் பயப்பட வேண்டாம். அக்காவுக்குத்தான் முதுகெலும்பு.

அதற்கு முதல் நாள் சாயங்காலம், துவைத்த துணி இருந்த வாளியைக் குனிந்து தூக்கியிருக்கிறாள். முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வழுக்கவில்லை, விழவில்லை. இரவெல்லாம் கோயோக் என்கிற வலி பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு முனகியவளை, விடிந்ததும் அவள் மகன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான் ரயில் பிடித்து ஓடினேன். அவன் வேலைக்குப் போக, காவல் எனக்கு.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தமிழர். எலும்பு வலுவிழந்து போயிருக்கிறது, ஆஸ்டியோபோரோசிஸ் என்றார். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது. அது புதிதாக நசுங்கியதா, பழையதா, நரம்பை அழுத்துகிறதா... எல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியுமாம். அழுத்தினால் ஆபரேஷன். இல்லையென்றால் பெல்ட்டும் ஓய்வும். அதுவரை அக்கா எழுந்து உட்காரவே கூடாது.

சரி, மெடிக்கல் கார்டுதான் இருக்கிறதே! ஆறு வருஷமாக மாதம் தவறாமல் மகன் கட்டி வருகிறான். 'செலவை நாங்கள் ஏற்கிறோம்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கேரண்டி லெட்டர் அனுப்பினால் போதும். உடனே ஸ்கேன்.

காத்திருந்தோம்... காத்திருந்தோம்... மைலோ குடித்தேன். மறுபடியும் காத்திருந்தோம். தள்ளுபடுக்கையில் கிடந்த அக்கா ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் பல்லைக் கடித்தாள்.

மத்தியானம் கவுண்டர் பெண் கூப்பிட்டாள்.

"ஆன்டி, ரிஜெக்ட் ஆயிருச்சு. கார்டு எடுக்கறதுக்கு முன்னாடியே உள்ள பிரச்சினைன்னு சொல்றாங்க."

"முன்னாடியா? நேத்து சாயந்தரம் வாளி தூக்கினது லா!"

"டாக்டர் நோட்ஸ்ல பத்து வருஷமா வலின்னு இருக்கு ஆன்டி. கார்டு எடுத்து ஆறு வருஷம்தானே ஆவுது?"

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் டாக்டர், "எவ்வளவு நாளா வலிக்குது?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா சட்டென்று சொன்னாள்:

"பத்து வருஷமா இருக்கு, டாக்டர்!"

நம் ஆட்களில் யாராவது டாக்டரிடம் "நேத்துதான்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் வலிக்கு டாக்டரைத் தேடிப் போவது நமக்குக் கௌரவக் குறைச்சல். எவ்வளவு தாங்கினோம் என்று சொன்னால்தானே அவர் மதிப்பார்? அதிலும் அக்காவுக்கு இது பழைய பல்லவி. கல்யாண வீடு, கோயில், பாசார் — எங்கே பார்த்தாலும் "பத்து வருஷமா இடுப்பு" என்றுதான் ஆரம்பிப்பாள். "ரேடியோவைத் திறந்தாச்சு" என்று நாங்கள் நைசாக நழுவிவிடுவோம். ஒரு காலத்தில் என்னைவிட உயரமாக இருந்தவள், இப்போது என் காதளவுக்குத்தான் வருகிறாள். வீட்டில் அதற்கும் கேலிதான்.

கவுண்டர் பெண்ணிடம் திரும்பினேன்.

"இது புது முறிவுன்னு எப்படிம்மா காட்டறது?"

"எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் குடுங்க ஆன்டி. அப்பீல் பண்ணலாம்."

"அந்த எம்.ஆர்.ஐ. எடுக்கத்தானே லெட்டர் கேக்கறோம்?"

அவள் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆமா லா, ஆன்டி..."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான். கோபப்படுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "ஐயோ ஆன்டி, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா படுத்தபடியே முறைத்தாள்.

"விழாதவ விழுந்தேன்னு எப்படிடி சொல்வேன்?"

அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம். ஸ்கேனுக்கு எப்போது தேதி கிடைக்கும்? அதுவரை இவளை அசையாமல் படுக்க வைப்பது யார்? கடைசியில் மகன்தான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் கிரெடிட் கார்டை நீட்டினான். சாயங்காலம் ஸ்கேன் முடிந்தது.

மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். நரம்புக்கு ஆபத்தில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நசுங்கியது புதுசுதானாம். "அப்படின்னா அப்பீல் பண்ணிரலாம்!" என்று நான் துள்ளுவதற்குள், அவர் விரல் படத்தில் மேலே நகர்ந்தது.

"இங்க இன்னும் ரெண்டு இருக்கு, பாருங்க. இது பழசு. நசுங்கிப் பல வருஷம் ஆயிருக்கும். உயரம் குறைஞ்சிருப்பாங்களே? இதை வெச்சிக்கிட்டு எப்படி நடமாடினாங்க?"

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே..."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பீல் போட்டிருக்கிறோம். புதுசுக்குப் பணம் வருமா, பழசைக் காட்டி மறுபடியும் கைவிரிப்பார்களா, தெரியாது. அலைந்து அலுத்துவிட்டது. ஆனால், அந்தக் கம்பெனியைத் திட்ட வாயைத் திறந்தால் ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்து வருஷமாக வலி, வலி என்று அவள் சொன்னதைக் கூடப்பிறந்த நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

சொன்ன அன்றைக்கே நம்பியது... இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான்!